கோரைக்கு அடித்த மருந்து

கோரையின் தண்டை விரலுக்குள் வைத்து உருட்டிப் பார்த்தால் உருளாது. மூன்று பட்டையாக இருக்கும், இடறும். மற்றப் புல்லெல்லாம் உருளும். அதனால் கண்ணை மூடிக்கொண்டே கோரையைக் கண்டுபிடித்துவிடலாம். கண்டுபிடித்து என்ன பிரயோசனம்? பிடுங்கினால் மேல்தாள் மட்டும் கையோடு வரும், கிழங்கு மண்ணுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். நாலாம் நாள் அதே இடத்தில் ஊசி ஊசியாக நிற்கும். கல்யாணமாகிக் கள்ளக்குறிச்சிக்கு வந்த புதிதில் நான் அம்மா வீட்டை நினைத்து அழுததைவிட இந்தக் கோரையை நினைத்துப் பல்லைக் கடித்ததுதான் அதிகம்.

எங்கள் வீடு ஊரின் மேற்குக் கடைசியில் இருந்தது. வீட்டைவிடப் பின்னால் இருந்த தோட்டம் பெரிது. ஒரு கிணறு, நாலு பாத்தி கத்தரி, வெண்டை, மிளகாய், வேலியோரமாக மருதாணி. என் வீட்டுக்காரருக்கு மலைச்சரக்கு வியாபாரம். கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் கடுக்காய், புளி, தேன், சாமை எல்லாம் வாங்கிக் கடையில் வைத்து விற்பார். பாதி நாள் வெள்ளிமலையில்தான் இருப்பார். எங்களுக்கு அப்போது பிள்ளை இல்லை. அதனால் என் ஆசையும் கோபமும் மொத்தமாகத் தோட்டத்தின் மேல்தான். ஒரு களை கண்ணில் பட்டால் எனக்குச் சோறு இறங்காது.

களை எடுக்க ஒருத்தி வருவாள். கச்சிராயபாளையம் ரோட்டில் இரண்டு மைல் போனால் அவள் ஊர். என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்தவள், நான் அக்கா என்பேன். அவள் என்னைப் பாயம்மா என்பாள். கூலி என்று எதுவும் கிடையாது. எங்கள் பக்கத்துப் பழக்கம் அப்படி. வீட்டுத் தோட்டத்தில் களை எடுப்பவளுக்கு எடுத்த களை சொந்தம். கட்டிக்கொண்டு போய்த் தன் மாட்டுக்குப் போடுவாள். நமக்குத் தோட்டம் சுத்தம், அவளுக்குப் புல். ஒவ்வொரு தடவையும் கேட்க வேண்டியதில்லை. பின்வேலிப் படலைத் திறந்துகொண்டு வருவாள், அறுப்பாள், போவாள். புல் கிடையாது என்றால் வீட்டுக்காரிதான் வாயைத் திறந்து அதைச் சொல்ல வேண்டும்.

எனக்கும் அவளுக்கும் களை விஷயத்தில் ஒத்தே போகாது. நான் நட்டதைத் தவிர மண்ணில் முளைத்த அத்தனையும் எனக்குக் களை. அவளுக்கு மாடு தின்பது ஒரு சாதி, தின்னாதது ஒரு சாதி, அவ்வளவுதான். சாரணையும் மூக்கிரட்டையும் தரையோடு தரையாகப் படரும், பார்த்தால் எனக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். அவள் இலையைத் திருப்பிக் காட்டுவாள். அடிப்பக்கம் வெளுத்திருந்தால் மூக்கிரட்டை, இலை தடித்துச் சதைப்பற்றாக இருந்தால் சாரணை. தொய்யக்கீரையில் முள் இருக்காது, முள்ளுக்கீரையில் கணுவுக்குக் கணு இருக்கும். வேலியோரம் ஊமத்தை இரண்டு இலை விட்டிருக்கும்போதே, நாம் கத்தரிக்கன்று என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்போம், அவள் தூரத்திலிருந்தே, “ஐயய்ய, அதுக்குப் போய் தண்ணி ஊத்திக்கினு கீறீங்களே!” என்று ஓடி வந்து பிடுங்கி எறிவாள். சும்மா சொல்லக்கூடாது, செடி விஷயத்தில் அவள் கண்ணுக்குத் தப்பு வராது. அதில் அவளுக்கு ஒரு கர்வமும் உண்டு.

அவள் சாதிக்காரர்களின் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்த வருஷங்கள் அவை. எங்கள் ஊர் அப்போது தென்னாற்காட்டில் ஒரு மூலை. இன்றைக்குப் பஸ் நின்றது, நாளைக்குக் கடை அடைப்பு என்று ஏதாவது ஒன்று இருக்கும். அவள் வீட்டுக்காரர் கூட்டத்துக்குக் கூட்டம் போய்க்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரருக்கு மலையிலிருந்து சரக்கு இறங்கவில்லை. புளி மூட்டைகள் அங்கேயே புழுத்துக்கொண்டிருந்தன. எனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் அவள் அறுத்த இடத்தைக் குனிந்து பார்த்தேன். சாரணையின் தலையை மட்டும் அறுத்திருக்கிறாள். வேர் அப்படியே மண்ணுக்குள் பத்திரமாக இருக்கிறது. தோட்டம் முழுக்கப் பார்த்தேன், எல்லா இடத்திலும் அதே கதை. மாடு தின்னாததை எல்லாம் வேரோடு பிடுங்கியிருக்கிறாள், தின்பதை மட்டும் விட்டுவைத்திருக்கிறாள்.

“இன்னாக்கா இது? வேர உட்டுட்டு மேலாக்க அறுத்துக்கினு போறியா?”

அவள் சிரித்தாள். “வேரோட புடுங்கிட்டா அடுத்த வாரம் எம் மாடு இன்னா திங்கும் பாயம்மா?”

“அப்ப நீ களை எடுக்கல. எந் தோட்டத்துல புல்லு பயிர் வெச்சிக்கினு கீற.”

“இன்னா பாயம்மா, ரெண்டு புல்லுக்குப் போயி…”

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்குமா? புளி மூட்டை நினைப்பு வேறு. “உங்க ஆளுங்களே இப்டித்தான். ரோட்ட மறிக்கறது, பஸ்ஸ நிறுத்தறது. உங்களுக்கு ஆவணும்னா ஊரே நாசமாப் போவலாம், இல்ல?”

அவள் முகம் மாறிவிட்டது. நிமிர்ந்து நின்று சொன்னாள்: “எம் பொண்ணு பன்னண்டாவது முடிச்சிட்டு நர்சு படிப்புக்கு ரெண்டு தபா எழுதிப் போட்டுச்சி. ரெண்டு தபாவும் இல்லன்னுட்டாங்க. எங்க வம்சத்துல சர்க்கார் சம்பளம் வாங்குனவங்க ஒருத்தரு இல்ல. அத கேக்கறதுக்குத்தான் போறாங்க. பொழுது போவாமயா போறாங்க?”

“மார்க்கு எடுத்தா தானா கெடைக்கும். ரோட்ல குந்தினா கெடைச்சிடுமா?”

ஐந்தாவதோடு நின்றவள் நான். மார்க்கைப் பற்றி நான் பேசுகிறேன்! அவள் கையில் இருந்த களைக்கொத்தைக் கிணற்றடியில் வைத்தாள், அது எங்களுடையது. அறுத்த புல்லைக்கூட எடுக்காமல் படலைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

மூன்று வாரம் வரவில்லை. ஆவணி மழை வேறு நன்றாகப் பெய்துவிட்டது. தோட்டம் காடாகிவிட்டது. கோரை கத்தரிக்கு மேல் வளர்ந்து நின்றது. கிணற்றடியிலிருந்து பின்வேலி வரைக்கும் சாரணையும் தொய்யக்கீரையும் கால் வைக்க இடமில்லாமல் மெத்து மெத்தென்று கிடந்தன. நான் ஒற்றை ஆளாகக் குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போனது. ஆள் விட்டுக் கூப்பிட்டால் வந்திருப்பாள். நானா கூப்பிடுவேன்? அவளுக்கு அவ்வளவு ரோஷம் என்றால் எனக்கு மட்டும் இல்லையா?

பூச்சிமருந்துக் கடைக்குப் போய்க் கோரைக்கு மருந்து கேட்டேன். நெல்லு வயலுக்கு அடிப்பதுதான், அகல இலைச் செடியும் கோரையும் சாகும், அருகம்புல் சாகாது என்றார் கடைக்காரர். பொட்டலத்தைக் கட்டிக்கொண்டே நல்ல மனுஷராக இன்னொன்றும் சொன்னார். “அடிச்ச எடத்துல ரெண்டு வாரத்துக்கு ஆடு மாட்ட உட்றாதீங்கம்மா. அந்தத் தழைய அறுத்தும் போடாதீங்க.” எங்கள் வீட்டில் ஆடும் இல்லை மாடும் இல்லை. சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

அதற்கு அடுத்த நாள் பெரிய மறியல் ஆரம்பித்தது. ஒரு வாரத்துக்கு ஒன்றும் ஓடாது என்றார்கள். ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் ஈ காக்கை இல்லை. வீட்டுக்காரர் வெள்ளிமலையில் மாட்டிக்கொண்டார், ஜீப் இறங்க வழியில்லை. அவர் எப்படியிருக்கிறார் என்று கேட்டுச் சொல்லக்கூட ஆள் கிடையாது. எனக்கு வீட்டுக்குள் இருப்பே கொள்ளவில்லை. அந்தப் பதைப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல், இரண்டாம் நாள் காலையில் மருந்தைக் கலக்கிப் பூவாளியில் ஊற்றிக்கொண்டு போய்க் கிணற்றடியிலிருந்து பின்வேலி வரை அடித்தேன். அளவெல்லாம் பார்க்கவில்லை. ஆத்திரத்தில் ஊற்றியதுதான். ‘நீ வராவிட்டால் என் தோட்டத்துக் களை போகாதா’ என்று வாய்விட்டே சொன்னேன். காற்றில் அது கத்தரிமேலும் பட்டிருக்கிறது. நாலு நாள் கழித்துக் கத்தரி இலையெல்லாம் பாம்பு மாதிரி முறுக்கிக்கொண்டன. ஆனால் மறுநாள் காலையில் ஒன்றும் தெரியவில்லை. சாரணை முந்தின நாளைவிடப் பச்சையாக இருந்தது.

அந்த மறுநாள் காலையில்தான் அவள் வந்தாள்.

அடுப்படி ஜன்னலில் நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். படல் திறக்கும் சத்தம் கேட்டது. அரிவாளோடு வந்தாள். ஒரு நிமிஷம் நின்று வீட்டுப் பக்கம் பார்த்தாள். அப்புறம் உட்கார்ந்து அறுக்க ஆரம்பித்தாள். பின்வேலியோரத்துச் சாரணையைத்தான் அறுத்தாள்.

அப்போது என் மனசில் என்ன இருந்தது என்பதை இத்தனை வருஷமாக நான் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. முதலில் வந்தது சந்தோஷம். பார்த்தாயா, அவளே இறங்கி வந்துவிட்டாள் என்ற கெட்ட சந்தோஷம். இரண்டாவதாக மருந்து நினைப்பு வந்தது. மறக்கவில்லை. நன்றாக வந்தது. கடைக்காரர் சொன்ன வார்த்தையும் வந்தது. ஜன்னல் வழியாக ஒரு வார்த்தை, “அக்கா, அதுல மருந்து அடிச்சிருக்கு” என்றால் தீர்ந்தது. ஆனால் அதைச் சொன்னால் நான் முதலில் பேசியதாகிவிடுமே! அவள் பேசட்டும், அப்புறம் சொல்லலாம் என்று நின்றேன். கட்டு கட்டி முடித்ததும் எப்படியும் வாசல் பக்கம் வருவாள், மன்னிப்பு மாதிரி ஏதாவது சொல்வாள், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவள் பெரிய கட்டாகக் கட்டினாள். தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். இன்னொரு தடவை ஜன்னலைப் பார்த்தாள். படலைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள்.

என் கையில் அரைகுறையாகத் தேய்த்த சட்டி. வாயில் வார்த்தை.

மதியம் லுஹர் தொழுகை வரைக்கும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். நேற்று ஊற்றினது இன்றைக்குக் காய்ந்திருக்கும். மாடு வாசனை பார்க்காமல் தின்னுமா? அவளுக்குத் தெரியாத செடியா? தொழுகையில் நின்றேன், எத்தனை ரக்அத் முடித்தேன் என்று தெரியவில்லை. யா அல்லா, நான் என்ன காரியம் செய்தேன் என்று அப்போதுதான் உறைத்தது. துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அந்த ரோட்டில் நான் தனியாக நடந்ததே இல்லை. வெயில் கொளுத்தியது. நாலு இடத்தில் மரம் குறுக்கே கிடந்தது. மரத்துக்கு மரம் ஆண்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தர் எழுந்து வந்தார். “இன்னாம்மா, இந்த வெயில்ல எங்க போறீங்க?” என்றார். அவள் வீட்டைச் சொன்னேன். “எங்க ஊரு பொம்பளதான். போங்க, பாத்து குனிஞ்சி போங்க, கெளை குத்தும்” என்று மரக்கிளையைத் தூக்கிப் பிடித்தார். மரியாதையாகத்தான் பேசினார். நான் பயந்தது அவர்களுக்கு இல்லை, நான் போய்ச் சேரும்போது அங்கே என்ன ஆகியிருக்குமோ என்பதற்குத்தான்.

அவள் மாடு கொட்டகையில் நின்றுகொண்டிருந்தது. வைக்கோலை மென்றுகொண்டிருந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று எனக்கு உயிர் வந்தது. அவள் உள்ளேயிருந்து வந்தாள். என்னைப் பார்த்து அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“அக்கா, அந்தப் புல்ல போடாத. நேத்து அதுல கோரை மருந்து அடிச்சேன்.”

அவள் என்னையே பார்த்தாள். “நான் என் மாட்டுக்குப் போடலயே பாயம்மா” என்றாள். “மறியல்ல ஆத்தங்கரைப் பக்கம் போலீசு நிக்கறதால யாரும் புல்லுக்குப் போவ முடியல. நாலு வூட்டு மாடு பட்டினி. என் வூட்ல வைக்கோலு கீதுன்னு, புல்ல அவங்களுக்குப் பிரிச்சிக் குடுத்துட்டேன்.”

அவள் ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். முதல் வீட்டிலும் இரண்டாவது வீட்டிலும் புல் நிழலில் கிடந்தது, போடவில்லை. “குடு, குடு, அதுல ஊமத்தை கலந்து பூட்ச்சி, பாக்காம அறுத்துட்டேன்” என்று பிடுங்கிக் கையில் அள்ளிக்கொண்டாள். மூன்றாவது வீட்டில் கொஞ்சம் போட்டிருந்தார்கள், மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாலாவது வீடு அவளுடைய கொழுந்தன் வீடு. கொழுந்தன் பெண்டாட்டியின் மாடு நிறை சினை. இரண்டு நாள் பட்டினி கிடந்த மாடு, மொத்தத்தையும் தின்றுவிட்டிருந்தது. நாங்கள் போனபோது படுத்திருந்தது. மூச்சு இரைத்தது. வாயில் நுரை.

மூங்கில் குழாயில் மோர் ஊற்றினார்கள், புளித்தண்ணீர் ஊற்றினார்கள். மாட்டு வைத்தியரைக் கூட்டிவர ஆள் ஓடியது. ரோடு அடைத்துக் கிடக்கும்போது யார் எதில் வருவது? நாலு பேர் சேர்ந்து மாட்டைத் தூக்கி நிறுத்தப் பார்த்தார்கள், கால் நிற்கவில்லை. சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்துக்கு அது கழுத்தை நீட்டிவிட்டது. வயிற்றுக்குள் கன்று கொஞ்ச நேரம் அசைந்ததை எல்லாரும் பார்த்தோம். அதுவும் நின்றுபோனது. என் மருந்துதான் கொன்றதா, பட்டினி வயிற்றில் பச்சைத் தழையை அவ்வளவு தின்றது கொன்றதா, எனக்குச் சொல்ல யாருமில்லை. மருந்துதான் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

கொழுந்தன் பெண்டாட்டி தலைதலையாக அடித்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே அக்காவைப் பார்த்துக் கத்தினாள். “பொறந்ததுலேந்து களை எடுக்கறவ, உனக்கு ஊமத்தை தெரியாதா? கண்ணு அவிஞ்சா போச்சி? எம் மாடு கன்னு போட்டுடும்னு வயித்தெரிச்சலா உனுக்கு?”

கூட்டம் முழுக்கக் கேட்டது. ஊமத்தையை இரண்டு இலையில் கண்டுபிடிக்கிறவள், தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். “பாக்கல. அவசரத்துல அறுத்துட்டேன்” என்றாள். நான் வாயைத் திறந்தேன். என் மணிக்கட்டைப் பிடித்து நசுக்கினாள். அந்தப் பிடியில் நான் பேசாமல் இருந்துவிட்டேன். இன்னும் பச்சையாகச் சொன்னால், பேசாமல் இருக்க அந்தப் பிடி எனக்குச் சௌகரியமாக இருந்தது.

வெயில் தாழ்ந்ததும் என்னை ரோடு வரைக்கும் கொண்டுவந்து விட்டாள். குறுக்கே கிடந்த முதல் மரத்தருகே, ஆட்கள் காதில் விழாத தூரத்தில் நின்றோம்.

“ஏன்க்கா உம்மேல போட்டுக்கின?” என்றேன்.

“வேற இன்னா பண்றது? இத்தினி ஆம்பளைங்க வேல வெட்டி இல்லாம, கோவத்தோட ரோட்ல குந்திக்கினு கீறாங்க. பாய் வூட்டுத் தோட்டத்துல மருந்து வெச்சி மாடு செத்துச்சின்னு ஒரு வார்த்த போச்சின்னா இன்னா ஆவும்? உங்க வூட்டுக்காரரு வேற ஊர்ல இல்ல. நீங்க ஒண்டி ஆளு.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “நான்னா திட்டுவாங்க. ரெண்டு வருசம் பேச மாட்டாங்க. அவ்ளோதான?”

அவள் கையைப் பிடித்தேன். அவள் பிடிக்கவும் இல்லை, உதறவும் இல்லை.

“ஜன்னல்ல நின்னீங்க, நான் பாத்தேன்” என்றாள். “கோவமா கீறாங்க, வாணாம்னு சொல்லுவாங்களோன்னு ரெண்டு தபா திரும்பிப் பாத்தேன். சொல்லல. சரி, கோவம் தணிஞ்சி பூட்ச்சி, எடுத்துக்கோன்னுதான் உட்டாங்கன்னு நெனச்சிக்கினேன். வர்ற வழியெல்லாம் எனக்கு சந்தோசம் பாயம்மா.”

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“மருந்து அடிச்சத மறந்து பூட்டீங்க, இல்ல?” என்றாள். “மறந்தா மனுசங்க இன்னா பண்ணுவாங்க? அதனாலதான் நான் எம்மேல போட்டுக்கினேன். தெரிஞ்சே உட்டிருந்தீங்கன்னா, எல்லாரும் நிக்கும்போதே உங்க பேர சொல்லியிருப்பேன்.”

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மறந்துதான்க்கா போச்சி” என்றேன்.

அவள் நம்பினாள்.